திரையைப் போட்டு விட்டால் பாடமாகி விடுமா?

2018ல் புதிய பாடநூல்கள் வந்தபோது பாடத்தோடு கியூஆர் கோடு என்ற சதுரக் கட்டத்தையும் அச்சிட்டார்கள். செல்போனைக் காட்டினால் பாடம் வீடியோவாக ஓடும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, 2023ல் மணற்கேணி செயலி. அரசு செய்ததை இல்லையென்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்தச் சதுரத்தைக் காட்ட நம் பிள்ளைகளிடம் போன் இருக்கிறதா?

வெண்ணந்தூரில் தறி ஓட்டும் வீடானாலும் கடை வைத்திருக்கும் வீடானாலும், பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அதுவும் அத்தாவின் சட்டைப் பையில்! அவர் கடை சாத்தி வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். விழித்திருந்தால் இன்னும் ஆபத்து. ஒளிச்சேர்க்கை பார்க்க வாங்கிய போனில் மூன்றாவது நிமிடம் சினிமாப் பாட்டு ஓடும். பிள்ளையை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்ததற்கு இழுத்துப் போகும்படிதானே யூடியூபை அமைத்திருக்கிறார்கள்?

எனவே வகுப்பிலேயே காட்டுங்கள் என்கிறோம். காட்டுகிற லட்சணம் என்ன? திரையைப் போட்டு விட்டு ஆசிரியர் பதிவேடு எழுத உட்கார்ந்து விட்டால் அதற்குப் பெயர் பாடமா? இதயத்தின் நான்கு அறைகளைக் கரும்பலகையில் எத்தனை அம்புக்குறி போட்டு விளக்கினாலும் புரியாத மாணவனுக்கு இரண்டு நிமிடக் காட்சி புரிய வைத்து விடும். மறுக்கவில்லை. ஆனால் வால்வு மூடுகிற இடத்தில் படத்தை நிறுத்தி, "இது மூடாவிட்டால் ரத்தம் எங்கே போகும்?" என்று கேட்க ஓர் ஆசிரியர் வேண்டாமா? கடைசி பெஞ்சில் விழிக்கும் பையனை யூடியூபா பார்க்கும்?

வீடியோ பாடத்தால் உலகப் புகழ் பெற்ற சல்மான் கான் (நடிகர் அல்ல, வங்கதேசப் பூர்வீகம் கொண்ட அமெரிக்கர்) 2004ல் உறவுக்காரச் சிறுமிக்குத் தூரத்திலிருந்தே கணக்கு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்து, 2006ல் யூடியூபுக்கு வந்தவர். அவரே 2011ல் என்ன சொன்னார்? விளக்கத்தை வீட்டில் வீடியோவில் பார்க்கட்டும், வகுப்பு நேரத்தில் ஆசிரியரோடு உட்கார்ந்து கணக்குப் போடட்டும் என்றார். ஆசிரியரை எழுந்து போகச் சொல்லவில்லை!

இளைஞர்களே! 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் தெருவிலிருந்து போனவர் யார்? போய்க் கேளுங்கள்: திரை வேலை செய்கிறதா? வாரத்தில் எத்தனை வகுப்பு? வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்தால் விளம்பரமும் வராது, நெட் போனாலும் பாடம் நிற்காதே, ஏன் செய்வதில்லை?

வியாபாரப் பெருமக்கள் ஆண்டு விழா மேடைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கிக் கொடுக்கலாம். தறிச் சத்தத்துக்கு நடுவே இருக்கும் பள்ளியில் பின்வரிசைக்கு என்ன கேட்கும்?

வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் பெற்றோர்களின் கையெழுத்தோடு மனுவாகக் கொடுங்கள். நகல் ஒன்றை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள்.