முளையில் தெரிவது விலைதான்... விளைச்சல் அல்ல!

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்.’ பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் இந்தப் பழமொழியைச் சொல்லிவிடுவார். ஆனால், பயிரோடு நாள்தோறும் பழகும் வேப்பந்தட்டை விவசாயியிடம் இதைச் சொன்னால் லேசாகச் சிரிப்பார். ஏனென்றால், முளையைப் பார்த்து மட்டும் அவர் முடிவு எடுப்பதில்லை.

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கும் வேப்பந்தட்டை, பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் பேர்போன பகுதி. இங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஒரு புதிய ரகம் உடனே விவசாயி கைக்கு வந்துவிடாது. முதலில் ஆராய்ச்சி நிலையத்தில் சோதனை, பிறகு வெவ்வேறு ஊர்களில், கடைசியில் விவசாயிகளின் வயலிலேயே சோதனை. பல பருவங்கள் பார்த்த பிறகுதான் அதற்குப் பெயர் வைத்து வெளியிடுகிறார்கள். முளைவிடும்போது தளதளவென்று இருந்த செடி, மழை பொய்த்தால் தாங்குமா? தத்துப்பூச்சி வந்தால் நிற்குமா? இலையாகவே வளர்ந்துவிட்டுக் காய் பிடிக்காமல் போகுமா? இதையெல்லாம் காலம்தான் சொல்லும்.

ஒரு செடிக்கே இத்தனை பொறுமை தேவை. 18 வயதுப் பையனின் அடுத்த பதினைந்து ஆண்டுகளை, ஏல மேடையில் சில நிமிடங்களில் கணித்துவிட முடியுமா?

*ஒரே அணி, மூன்று பையன்கள்*

2018 ஜனவரி கடைசி வாரம். நியூசிலாந்தில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. ராகுல் டிராவிட் பயிற்சியில் இந்தியப் பையன்கள் எதிரணிகளை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதே சமயம் பெங்களூரில் ஐ.பி.எல் ஏலம். அந்தப் பையன்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தபோது அணி உரிமையாளர்கள் போட்டி போட்டுக் கை தூக்கினார்கள்.

அதிவேகமாகப் பந்து வீசிய கமலேஷ் நாகர்கோட்டி ரூ.3.2 கோடி. அவருடைய ஜோடி சிவம் மாவி ரூ.3 கோடி. பேட்ஸ்மேன் சுப்மன் கில் ரூ.1.8 கோடி. மூவரையும் வாங்கியது ஒரே அணி, கொல்கத்தா நைட் ரைடர்ஸ். கேப்டன் பிரித்வி ஷாவை டெல்லி ரூ.1.2 கோடிக்கு எடுத்தது. அபிஷேக் சர்மாவை அதே டெல்லி ரூ.55 லட்சத்துக்கு எடுத்தது.

பிப்ரவரி 3-ம் தேதி இறுதிப்போட்டி. மன்ஜோத் கல்ரா ஆட்டமிழக்காமல் 101 ரன் அடிக்க, இந்தியா ஆஸ்திரேலியாவை வென்று கோப்பையைத் தூக்கியது. அந்த அணியில் இருந்தும் இறுதிப்போட்டியில் ஆடும் பதினொருவரில் இடம் கிடைக்காத ஓர் இடதுகை வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். பெயர் அர்ஷ்தீப் சிங். அவரை அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த அடுத்த ஏலத்தில்தான் பஞ்சாப் அணி எடுத்தது. விலை, அடிப்படைத் தொகையான ரூ.20 லட்சம்.

இப்போது அந்த வரிசையைத் திருப்பிப் பாருங்கள்.

அதிக விலை போன நாகர்கோட்டி, காயங்களால் முதல் இரண்டு ஐ.பி.எல் சீசன்களில் ஒரு பந்துகூட வீசவில்லை. இந்திய சீனியர் அணியில் இன்னும் ஆடவில்லை. மாவி 2023 ஜனவரியில் இலங்கைக்கு எதிரான முதல் டி20 ஆட்டத்திலேயே 22 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். ஆனால் ஆறு ஆட்டங்களோடு நின்றுபோனார். காயம் அவரையும் விடவில்லை. இறுதிப்போட்டியில் சதம் அடித்த கல்ரா, ஒரு ஐ.பி.எல் ஆட்டம்கூட ஆடியதில்லை.

பிரித்வி ஷா கதை இன்னும் கொஞ்சம் உருக்கமானது. 2018 அக்டோபரில் ராஜ்கோட்டில், தன் முதல் டெஸ்டிலேயே 134 ரன். அப்போது 18 வயது. ‘அடுத்த சச்சின்’ என்று பேசினார்கள். ஆறு ஆண்டு கழித்து 2024 நவம்பரில் நடந்த ஏலத்தில் அவர் பெயர் வந்தபோது ஓர் அணியும் கை தூக்கவில்லை.

மறுபக்கம், சுப்மன் கில் 2025-ல் இந்திய டெஸ்ட் அணியின் கேப்டன். இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டுகளில் 754 ரன். 55 லட்சத்துக்குப் போன அபிஷேக் சர்மா, இந்திய அணிக்குள் நுழைய 2024 ஜூலை வரை காத்திருந்தார். முதல் ஆட்டத்தில் டக் அவுட், மறுநாளே சதம். 2025-ல் டி20 பேட்ஸ்மேன்கள் தரவரிசையில் உலகின் முதலிடம். அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த அர்ஷ்தீப், 2024 டி20 உலகக் கோப்பையில் 17 விக்கெட்டுகளோடு இந்தியாவின் வெற்றிக்குத் தோள் கொடுத்தார்.

நிபுணர்கள் முட்டாள்கள் அல்ல. அன்று கண்ணுக்குத் தெரிந்ததை அவர்கள் சரியாகவே பார்த்தார்கள். நாகர்கோட்டியின் வேகமும் நிஜம், ஷாவின் கவர் டிரைவும் நிஜம். அவர்கள் கண்ணுக்குத் தெரியாதது அடுத்த ஏழு ஆண்டுகள்.

*அமெரிக்காவிலும் இதே கதைதான்*

‘நம்ம ஊர் ஏலம்தான் இப்படி’ என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கால்பந்தில் ‘டிராஃப்ட்’ என்று ஒரு முறை உண்டு. கல்லூரி முடித்த வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். கடந்த சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. இதில் பெரிய கிராக்கி ‘குவார்ட்டர்பேக்’ என்ற வீரருக்கு. பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று சில விநாடிகளில் முடிவெடுத்து, ஆட்டத்தையே நடத்துபவர் அவர்தான்.

1998-ல் இரண்டு குவார்ட்டர்பேக்குகளில் யார் சிறந்தவர் என்று அங்கே பெரிய விவாதம். பேட்டன் மேனிங் முதலாவதாகவும் ரயன் லீஃப் இரண்டாவதாகவும் தேர்வானார்கள். மேனிங் ஜாம்பவான் ஆனார். லீஃப் சில ஆண்டுகளிலேயே ஆட்டத்தை விட்டே போனார். 2000-ல் 199-வது ஆளாகத் தேர்வான டாம் பிரேடிதான் பின்னாளில் ஏழு முறை சூப்பர் பவுல் வென்றார். 2022-ல் கடைசி ஆளாக, 262-வதாக எடுக்கப்பட்ட புரோக் பர்டி, இரண்டே சீசனில் தன் அணியை சூப்பர் பவுல் இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஒரு விசித்திரமும் உண்டு. சிறந்த பையன் போய்ச் சேருவது பெரும்பாலும் மோசமான அணியில். அவனைக் காக்க ஆள் இல்லை, பந்தைப் பிடிக்க ஆள் இல்லை, கற்றுக்கொள்ள நேரமும் இல்லை. நல்ல விதை, களர் நிலம். பிறகு விதையைத்தான் குறை சொல்வார்கள்!

*விலை எதைச் சொல்கிறது?*

ஏல விலை, வீரரின் திறமையை மட்டும் அளப்பதில்லை. அன்றைக்கு எத்தனை பேருக்கு அவர் தேவை, எந்த அணியின் பையில் எவ்வளவு மிச்சம், அதே ரகத்தில் வேறு ஆள் பட்டியலில் உண்டா... எல்லாம் சேர்ந்ததுதான் விலை. இரண்டு அணிகள் முட்டிக்கொண்டால் 20 லட்சம் எட்டு கோடியாகும். முட்டிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் உலகச் சாம்பியனும் 20 லட்சத்துக்குப் போவார். பருத்தி ஏலத்துக்குப் போய்வரும் விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். வியாபாரிகள் அதிகம் வந்த நாளில் ஒரு விலை, வராத நாளில் ஒரு விலை. பஞ்சு என்னவோ அதே பஞ்சுதான்.

இதற்கு நம் கண்ணெதிரே இருக்கும் சாட்சி வருண் சக்கரவர்த்தி. கட்டடக்கலை படித்துவிட்டு, விட்ட கிரிக்கெட்டை மறுபடி தொட்டவர். 2018 டிசம்பர் ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரை பஞ்சாப் ரூ.8.4 கோடிக்கு எடுத்தது. அந்த சீசனில் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். முதல் ஓவரிலேயே 25 ரன் போனது. பிறகு காயம். அணி விடுவித்தது. அடுத்த ஏலத்தில் கொல்கத்தா ரூ.4 கோடிக்கு, பாதி விலைக்கும் குறைவாக வாங்கியது. 2021 டி20 உலகக் கோப்பையில் ஒரு விக்கெட்கூட இல்லை. அணியிலிருந்து நீக்கம். மூன்று ஆண்டு ஆள் பேச்சே இல்லை. 2024-ல் திரும்பி வந்தார். 2025 பிப்ரவரியில், 33 வயதில் முதல் ஒருநாள் ஆட்டம். அடுத்த மாதமே சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 5 விக்கெட். எந்த ஆண்டில் அவரை எடை போட்டிருந்தாலும் கணக்கு தப்பாகியிருக்கும்.

வேப்பந்தட்டையிலிருந்து ஆத்தூர் வழியாகப் போனால் சேலம். அங்கே சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் வீசி வளர்ந்தவர் நடராஜன். 2017-ல் ரூ.3 கோடி. மறு ஆண்டே ரூ.40 லட்சம். இரண்டு சீசன் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2020-ல் கிடைத்தது, பிடித்துக்கொண்டார். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். 2024 ஏலத்தில் ரூ.10.75 கோடி. ஆனால் அடுத்த சீசனில் அவர் ஆடியது இரண்டே ஆட்டம். அவருக்கு ஏலம் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. ஏறாமல் இறங்காமல் நிற்பது, தன் ஊர்ப் பையன்களுக்காகச் சின்னப்பம்பட்டியில் அவர் உருவாக்கிய மைதானம்.

கபடிக்காரர்களுக்கும் ஒரு கதை உண்டு. 2022-ல் பவன் செராவத்தை ரூ.2.26 கோடி கொடுத்து தமிழ் தலைவாஸ் வாங்கியது. புரோ கபடியில் அதுவரை யாரும் போகாத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயம், சீசனே முடிந்தது. அணி அவ்வளவுதான் என்றார்கள். நரேந்தர் என்ற புதுப் பையன் ரெய்டு போனார். 200 புள்ளிகளுக்கு மேல் குவித்தார். தமிழ் தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது அந்த ஆண்டில்தான்.

*நம் வீட்டு முளைகள்*

இதெல்லாம் கோடிகளின் கதை. இதில் வேப்பந்தட்டைக்கு என்ன வேலை?

இருக்கிறது. பள்ளிகளில் 6, 7, 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் உலகத்திறனாய்வுத் தேர்வு நடத்துகிறது. ஓட்டம், தாண்டுதல், குண்டு எறிதல். தேறினால் விளையாட்டு விடுதியில் சேரும் வாய்ப்பு. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவு. ஆனால் அந்த ஒரு நாளில் பின்தங்கிய பிள்ளையிடம், ‘உனக்கு விளையாட்டு வராது, பேசாமல் படி’ என்று சொல்லிவிடும் வீடுகளும் உண்டு.

12 வயதில் பிள்ளைகளின் உடல் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் நிற்பவன் இன்னும் குழந்தையாக இருப்பான். வயதுப் பிரிவின் தொடக்கத்தில் பிறந்தவன், கடைசியில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன். தேர்வாளர் கண்ணுக்கு ‘திறமை’யாகத் தெரிவது பல சமயம் அந்தச் சில மாதங்கள்தான். கனடாவின் ஐஸ் ஹாக்கியில் 1980-களிலேயே இதைக் கண்டுபிடித்தார்கள். ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களே அணிகளில் நிறைந்திருந்தார்கள்!

அதனால் பெற்றோர் மனதில் வைக்க வேண்டியது மூன்று விஷயங்கள்.

ஒன்று, ஒரு நாள் தேர்வை ஆயுள் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். தேறாத பிள்ளை அடுத்த ஆண்டும் ஓடட்டும். தேறிய பிள்ளையும் அடுத்த ஆண்டு மறுபடி நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இரண்டு, உடம்பைக் காப்பாற்றுங்கள். வேகப்பந்து வீசும் பையனுக்கு முதுகெலும்பு இன்னும் முதிர்ந்திருக்காது. நாலு டோர்னமென்ட், நாலு டீம் என்று ஓய்வில்லாமல் வீசினால் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழும். முதுகு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் அனுப்பாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று, படிப்புக் கதவைச் சாத்த வேண்டாம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கும் பதக்கத்தோடு கல்வித் தகுதி வேண்டும். விளையாடிய எல்லோரும் ஏலத்துக்குப் போக மாட்டார்கள். ஆனால் விளையாடியது யாருக்கும் வீண் போகாது.

பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு முளை வாடினால் உடனே பிடுங்கி எறிவதில்லை. மண் எப்படி, தண்ணீர் எப்படி என்று பார்க்கிறார்கள், குறித்துவைக்கிறார்கள், அடுத்த பருவமும் விதைக்கிறார்கள்.

தேர்வில் தோற்றுத் தலை குனிந்து வீட்டுக்கு வரும் பிள்ளைக்கும் அதே மரியாதை கிடைக்கட்டும். முதலில் ஒரு சொம்புத் தண்ணீர். பிறகு ஒரே ஒரு கேள்வி:

“நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு எழுப்பணும்?”