காத்தை யார்கிட்ட கேட்கிறது?

வாரா வாரம் ஏதாவது ஒரு மெஷினைப் பிரிச்சு மேயுறது நம்ம பக்கத்தோட பழக்கம். இந்த வாரம் கைக்கு அடக்கமா ஒண்ணு. தூரத்து இலக்கைச் சுடுற ஸ்போர்ட்ஸ் பார்ட்டிங்க கையில வெச்சிருக்கிற கால்குலேட்டர்!

இளவேனில் வாலறிவனைத் தெரியும்தானே? கடலூர்ல பிறந்து, டோக்கியோ, பாரீஸ்னு ரெண்டு ஒலிம்பிக்ஸ்ல துப்பாக்கியோட நின்னவங்க. அவங்க கலந்துக்கிற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி ஹாலுக்குள்ள நடக்கும். காத்து தொல்லை இல்லை. எதிரி ஒரே ஒருத்தர்தான்... சொந்த இதயத் துடிப்பு!

இப்ப அந்த ஹாலோட கூரையைக் கழட்டிடுங்க. இலக்கை 1000 கெஜத்துக்கு, அதாவது 914 மீட்டருக்குத் தள்ளி வைங்க. அமெரிக்கா, இங்கிலாந்து, கனடானு பல நாடுகள்ல இந்தத் தூரத்துல சீரியஸா போட்டி நடக்குது. அங்கே பழகின தோட்டா ஒண்ணு .308 வின்செஸ்டர். குழாயை விட்டுக் கிளம்பும்போது விநாடிக்கு சுமார் 790 மீட்டர் வேகம். இலக்கைத் தொட சுமார் 1.75 விநாடி. அதுக்குள்ள பத்து மீட்டருக்கு மேல கீழே இறங்கிடும். மூணு மாடிக் கட்டடத்தோட உயரம் பாஸ்! நேரா குறி வெச்சா, குண்டு இலக்குக்கு ரொம்ப முன்னாடியே மண்ணைக் கவ்வும்.

அப்போ எவ்வளவு மேல தூக்கிக் குறி வைக்கணும்? இங்கேதான் நம்ம ஹீரோ என்ட்ரி!

நோக்கியா சைஸ்ல ஒரு வானிலை ஆபீஸ்

கெஸ்ட்ரல் 5700 எலைட். பழைய நோக்கியா போனோட தலையில ஒரு குட்டி ஃபேனைச் செருகினா எப்படி இருக்கும்? அதான். செய்யறது பென்சில்வேனியாவுல இருக்கிற நீல்சன்-கெல்லர்மன் கம்பெனி. சுவாரஸ்யம் என்னன்னா, 1978-ல ஆரம்பிச்ச இந்தக் கம்பெனி முதல்ல படகுப் போட்டிக்காரங்களுக்குத்தான் கருவி பண்ணிச்சு.

வெப்பநிலை, காத்தழுத்தம், ஈரப்பதம்... மூணையும் தானே அளந்துக்கும். ஃபேன் சுத்துற வேகத்தை வெச்சு காத்தோட வேகத்தையும் சொல்லும். தோட்டாவோட எடை, அது காத்தைக் கிழிக்கிற திறன், கிளம்புற வேகம், குழாய்க்கு மேல ஸ்கோப் எவ்வளவு உயரத்துல இருக்கு, இலக்கு எவ்வளவு தூரம்... இதெல்லாம் நாம கொடுக்கணும். அடுத்த நொடி விடை வரும்: கிட்டத்தட்ட 11.5 மில்! (ஒரு மில்னா, 1000 மீட்டர் தூரத்துல ஒரு மீட்டர். ஜுஜுபி.) ஸ்கோப் மேல இருக்கிற குமிழை அந்த எண்ணுக்குத் திருகிட்டா உயரக் கணக்கு ஓவர்.

குண்டு சுழன்றுகிட்டே போறதால வலது பக்கம் ஒதுங்குறது சுமார் 20 செ.மீ. பூமி சுத்துறதால இன்னொரு 7, 8 செ.மீ. (ஆமா, கோரியாலிஸ்! ஃபிசிக்ஸ் சார் பொய் சொல்லலை.) அதையும் சேர்த்தே கழிச்சுக் கொடுத்துடும்.

உள்ளே உட்கார்ந்திருக்கிறது உங்க அரியர் பேப்பர்

ப்ளஸ் டூவுல படிச்ச பரவளையக் கணக்கு இதுக்கு உதவாது. 'காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும்'னு ஒரு வரி போட்டுத் தப்பிச்சோமே, அந்தத் தடைதான் இங்கே முழு மேட்டரே. வேகம் குறையக் குறையத் தடையும் மாறும். ஒரே ஃபார்முலாவுல விடை வராது. பாதையைக் குட்டிக் குட்டித் துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டா கூட்டிக்கிட்டே போகணும். நியூமெரிக்கல் மெத்தட்ஸ்ல ரங்கே-குட்டா படிக்கும்போது "இது எந்தக் காலத்துல உதவப் போகுது?"னு கேட்டோமே... இந்த மாதிரிக் கணக்குக்குத்தான்!

காத்துத் தடை சின்ன விஷயம் இல்லைன்னு அளந்து காட்டினவர் இங்கிலாந்துக்காரர் பெஞ்சமின் ராபின்ஸ். குண்டை ஒரு ஊசல் மேல சுட்டு, ஊசல் எவ்வளவு ஆடுதுன்னு பார்த்துக் குண்டோட வேகத்தைக் கண்டுபிடிச்சார். ஊசலைத் தள்ளித் தள்ளி வெச்சா, வழியில எவ்வளவு வேகம் போச்சுன்னு தெரிஞ்சிடும்ல? 1742-ல புத்தகமாவே போட்டார். மூணு வருஷத்துல அதை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? நம்ம எம்-1 எதிரி, ஆய்லர்! அப்புறம் ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியோட தலைமை இன்ஜினீயரா கோட்டைகளைச் சரிபண்ண நம்ம பக்கம் வந்தார். 1751-ல காய்ச்சல்ல இறந்தது எங்கேன்னா... கடலூர் புனித டேவிட் கோட்டையில! அடுத்த தடவை சில்வர் பீச்சுக்கு டூர் போறவங்க ஒரு நிமிஷம் அவரை நினைச்சுக்கோங்க.

இன்னொரு மேட்டர். 'கம்ப்யூட்டர்'ங்கிறது ஒரு காலத்துல மனுஷங்க பார்த்த வேலையோட பேர். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல பெண்கள் கூட்டமா உட்கார்ந்து பீரங்கிக் குண்டோட பாதையைக் கணக்குப் போட்டாங்க. ஒரே ஒரு பாதைக்கு 20 மணி நேரத்துக்குக் குறையாத வேலை. அதை வேகப்படுத்தக் கட்டினதுதான் எனியாக். எடை சுமார் 30 டன்! 1946 பிப்ரவரியில ஊரறியக் காட்டினப்போ, 30 விநாடி பறக்கிற குண்டோட பாதையை 20 விநாடியில போட்டு முடிச்சது. குண்டு கீழே விழறதுக்குள்ள விடை ரெடி. அதுக்குக் கணக்கைப் புகுத்திக் கொடுத்த ஆறு பேரும் பெண்கள்தான்.

அந்த 30 டன் பார்த்த வேலை இப்ப சட்டைப் பைக்குள்ள. அப்போ எல்லாக் குண்டும் நடு மையத்துலதானே விழணும்? அதான் இல்லை!

பொய் சொன்னா பொய்தான் வரும்

முதல் வில்லன், நாம கொடுக்கிற எண். அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலம் ரேட்டன்ல ஒரு பெரிய சுடுதளம் இருக்கு. கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 6500 அடி உயரம். நம்ம கொடைக்கானலை விடக் கொஞ்சம்தான் கம்மி. அங்கே நிஜமான காத்தழுத்தம் 800 ஹெக்டோபாஸ்கல் பக்கம்தான். ஆனா வானிலைச் செய்தியில 1013 மாதிரி ஒரு எண் வரும். ஏன்னா ஊருக்கு ஊர் ஒப்பிட வசதியா, அதைக் கடல் மட்டத்துக்கு மாத்திச் சொல்றாங்க. அந்த எண்ணை நம்பி மெஷின்ல போட்டா, காத்து நிஜத்தை விட அடர்த்தின்னு அது நினைச்சுக்கும். 1000 கெஜத்துல குண்டு ஒரு மீட்டருக்கு மேல உயரப் போயிடும். மெஷின் மேல தப்பே கிடையாது. கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் சொல்லிச்சு. கேள்விதான் டுபாக்கூர்.

(ஒரு வைவா கேள்வி: ஈரக் காத்து கனமா, வறண்ட காத்து கனமா? 'ஈரக் காத்து'ன்னு சொல்றவங்க உட்காருங்க. நீராவி மூலக்கூறோட எடை 18. காத்தோட சராசரி 29. ஈரம் ஏற ஏறக் காத்து லேசாகும்.)

இதை விடப் பெரிய வில்லன் ஒருத்தர் இருக்கார். குண்டு கணக்குல சொன்னதை விடக் கீழே விழுதுன்னு வைங்க. மெஷின்ல இருக்கிற வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டா, கணக்கும் குண்டும் ஒத்துப் போயிடும். இதுக்கு 'ட்ரூயிங்'னு பேர். வேகத்தை முதல்ல அளந்ததுல சின்னப் பிசகு இருந்தா, இது நியாயமான வேலை. ஆனா உண்மையான தப்பு ஸ்கோப் உயரத்துலயோ, அழுத்தத்துலயோ இருந்தா? 1000 கெஜத்துல பொருந்தும், 600-ல காலை வாரும்! தப்பு சரியாகலை, ஒளிஞ்சுக்கிச்சு.

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? நம்ம லேப்தான் மக்கா! விடை 9.8 வரணும்னு தெரிஞ்சுக்கிட்டு, பின்னாலேர்ந்து ரீடிங்கைத் தேத்துறோமே... அதே டெக்னிக். லேப்ல எக்ஸ்டர்னல் கையெழுத்துப் போட்டுடுவார். இங்கே குண்டு போடாது.

கடைசி எண்

எல்லா எண்ணும் சுத்தமா கொடுத்தாச்சு. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. காத்து!

வாங்க, நாமளே கணக்குப் போடலாம். காத்தே இல்லாத வெற்றிடம்னா 914 மீட்டரை அந்தக் குண்டு 1.16 விநாடியில கடந்திருக்கும். நிஜத்துல 1.75. வித்தியாசம் 0.59 விநாடி. பக்கவாட்டுக் காத்தோட வேகத்தை இந்தத் தாமதத்தால பெருக்கினா, குண்டு ஒதுங்குற தூரம் வந்துடும். மணிக்கு 16 கி.மீ. காத்துன்னா விநாடிக்கு 4.44 மீட்டர். பெருக்குங்க... 2.6 மீட்டர்! பக்கத்து ஆளோட இலக்குக்கே போயிடும்.

இப்ப காத்தோட வேகத்தை மணிக்கு வெறும் 1.6 கி.மீ. தப்பா கணிச்சா? 26 செ.மீ. விலகும். அமெரிக்க எஃப்-கிளாஸ் போட்டியில 1000 கெஜ இலக்கோட பத்து பாயின்ட் வட்டத்துக்கு விட்டமே 25.4 செ.மீ.தான். நடு மையத்துக்குப் போக வேண்டிய குண்டு பத்தைத் தாண்டி, ஒன்பதோட விளிம்புல போய் நிக்கும். மணிக்கு 1.6 கி.மீ.ங்கிறது குழந்தை தவழ்ற வேகம் பாஸ்!

கெஸ்ட்ரல்ல ஃபேன் இருக்கே? இருக்கு. ஆனா அது அளக்கறது உங்க கைக்கிட்ட அடிக்கிற காத்தை. குண்டு 914 மீட்டர் போகணும். நடுவுல பள்ளம் இருக்கலாம், மரம் இருக்கலாம். இங்கிலாந்துல பிஸ்லின்னு பேர் போன சுடுதளம். அங்கே 1200 கெஜம் வரைக்கும் சுடுற ஸ்டிக்கில்டவுன் ரேஞ்ச்ல வழி நெடுகக் கொடி கட்டியிருப்பாங்க. ஒரு கொடி இடது பக்கம் படபடக்கும், இன்னொண்ணு தொங்கிக்கிட்டு இருக்கும். எதை நம்புறது? தொலைநோக்கியில கானல் அலை எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்ப்பாங்க. அது நேரா மேல கொதிச்சா, குறுக்குக் காத்து கிட்டத்தட்ட இல்லைன்னு அர்த்தம். பார்த்துப் பார்த்து, வருஷக்கணக்கா பழகி, ஒரு எண்ணை மனசுக்குள்ள முடிவு பண்ணணும்.

பி.ஆர்.எஸ்.னு 2012-ல அமெரிக்காவுல தொடங்கின போட்டி இன்னும் மோசம். வெவ்வேறு தூரத்துல இரும்புத் தகடுகள். பெரும்பாலும் ஒண்ணரை, ரெண்டு நிமிஷம்தான் டைம். உயரக் கணக்கை மெஷின்கிட்ட வாங்கி முன்னாடியே எழுதி வெச்சுக்கலாம். காத்து அப்படிக் காத்திருக்காதே!

கெஸ்ட்ரலுக்குள்ள ஓடுற கணக்கு, அப்ளைடு பாலிஸ்டிக்ஸ் கம்பெனியோடது. அதை ஆரம்பிச்சவர் பிரையன் லிட்ஸ். ஏரோஸ்பேஸ் இன்ஜினீயர், அமெரிக்க விமானப் படைக்கு ஏவுகணை வடிவமைப்பு வேலை பார்த்தவர். அவரே போட்டியிலும் இறங்கி ஜெயிச்சிருக்கார். அவர் படுத்துக் குறி பார்க்கும்போதும் கொடியைப் பார்த்துத்தான் ஆகணும். மெஷினைச் செஞ்சவருக்கே சலுகை கிடையாது!

'இனிமே எல்லாத்தையும் மெஷினே பண்ணிடும், நமக்கு என்ன வேலை?'னு ஹாஸ்டல்ல புலம்புறவங்களுக்காகத்தான் இந்தக் கதை. புவியீர்ப்பு, தடை, பூமிச் சுழற்சின்னு கணக்கா எழுத முடிஞ்சது அத்தனையையும் மெஷின் வாங்கிக்கிச்சு. நல்லதுதான். போற வழியில அது நம்மகிட்ட ரெண்டு வேலையை விட்டுட்டுப் போயிருக்கு. உண்மையான எண்ணைக் கொடுக்கறது ஒண்ணு. எண் கிடைக்காத இடத்துல நாமே பார்த்து முடிவெடுத்து, அதுக்குப் பொறுப்பும் ஏத்துக்கறது இன்னொண்ணு. ரெண்டாவது வர வருஷங்கள் ஆகும். முதலாவதை நாளைக்கு லேப்லயே ஆரம்பிக்கலாம்.

விடை 9.8 வரலைன்னா பரவாயில்லை. 9.3 வந்தா 9.3-ன்னே எழுதுங்க. அந்த 0.5 எங்கே போச்சுன்னு தேடுங்க. மிஞ்சிப் போனா ரெண்டு மார்க் போகும்!

அடுத்த வாரம் வேற மெஷினோட வர்றேன். டாட்டா!