லாரிக்கு ஏசி கட்டாயம், சரி... காத்து டிரைவர் முகத்துக்கு வருமா?

2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் லாரிகளின் கேபினில் ஏசி இருந்தே ஆக வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கை இது. 3.5 டன்னுக்கு மேல் 12 டன் வரை உள்ள ‘என்2’, 12 டன்னைத் தாண்டும் ‘என்3’ என இரண்டு வகை சரக்கு வாகனங்களுக்கும் இது பொருந்தும். 43 டிகிரி, 47 டிகிரி வெயிலில் டிரைவர்கள் வண்டி ஓட்டுகிறார்கள், அவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள் என்று அமைச்சர் நிதின் கட்கரி 2023 ஜூனில் பேசியிருந்தார். செலவு கூடும் என்று சிலர் எதிர்த்ததையும் அவரே சொன்னார்.

நல்ல விஷயம்தான். ரொம்ப தாமதமாக வந்த நல்ல விஷயம். ஆனால், ‘வண்டியில் ஏசி இருக்கு’ என்பதும் ‘ஓட்டுறவருக்குக் குளிருது’ என்பதும் ஒன்றல்ல. கால் டாக்ஸியில் பின் சீட்டில் உட்கார்ந்து, “அண்ணா, ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைங்க” என்று கேட்டு, “ஃபுல்லாதாம்மா இருக்கு” என்ற பதிலை வாங்கியவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கம்ப்ரஸர் ஓடுது, கேஸ் சரியா இருக்கு, ஆனாலும் காத்து வரல. இந்தக் கோளாறு பல நேரங்களில் இருப்பது யார் கண்ணுக்கும் படாத ஓர் இடத்தில்: டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் பிளாஸ்டிக் குழாயில். அதற்குப் பெயர் டக்ட்.

உள்ளே என்ன நடக்குது?

கார் ஏசியைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் கம்ப்ரஸர், கேஸ் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது குளிரை உண்டாக்கும் பக்கம். குளிரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பக்கம் வேறு. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் உள்ள புளோயர், காற்றை இழுத்து கூலிங் காயில் வழியாகத் தள்ளும். அங்கே காற்று குளிர்வதோடு, அதில் உள்ள ஈரமும் தண்ணீராக வடியும். பிறகு சின்னச் சின்னக் கதவுகள் அந்தக் காற்றை முகத்துக்கா, காலுக்கா, முன் கண்ணாடிக்கா என்று பிரித்து அனுப்பும். பெட்டியிலிருந்து வென்ட் வரைக்கும் காற்றைக் கொண்டுபோவதுதான் டக்டின் வேலை.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் டாஷ்போர்டுக்குப் பின்னால் காலி இடம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு பக்கக் கதவுத் தூணிலிருந்து மறுபக்கத் தூண் வரை குறுக்கே ஓர் இரும்புக் குழாய் போகும்; ஸ்டியரிங்கைத் தாங்குவது அதுதான். மீட்டர், மியூசிக் சிஸ்டம், கிளவ் பாக்ஸ், சில வண்டிகளில் ஏர்பேக், கை தடிமனுக்கு வயரிங் கட்டு. இவை எல்லாம் இடம் பிடித்த பிறகு மிச்சம் இருக்கும் சந்துக்குள் வளைந்து நெளிந்து போக வேண்டியது டக்ட். டிசைன் செய்யும் அறையில் டக்டுக்கு ‘தள்ளிப் போ’ என்று சொல்லப்படும். அது தள்ளிப் போகும், ஒடுங்கும், திரும்பும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் விலை உண்டு.

ஒரு டக்டின் உள்பரப்பு ஓரிடத்தில் பாதியாகக் குறைந்தால், அதே அளவு காற்று அதன் வழியே போக இரண்டு மடங்கு வேகம் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்த இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். புளோயரால் அவ்வளவு தள்ள முடியாது. வென்டுக்கு வரும் காத்து குறைந்துவிடும். மிச்சம் வருவதும் ‘உஸ்ஸ்’ என்று சத்தத்தோடு வரும். கூர்மையான 90 டிகிரி திருப்பமும் இதே வேலையைத்தான் செய்யும். மடிப்பு மடிப்பாக இருக்கும் ஃபிளெக்சிபிள் குழாயை மாட்டினால் இழப்பு இன்னும் கூடும். பார்க்க வசதியானது, வளைத்தால் வளையும், அதனாலேயே பட்டறைகளில் பலருக்கும் பிடித்தது அதுதான்!

டக்டின் மறுபக்கம் சூடு. 2018-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த ஆய்வு ஒன்றில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்த கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸுக்குப் போனது. இந்தச் சூட்டுக்கு நேர் கீழேதான் குளிர்ந்த காற்று ஓட வேண்டியிருக்கிறது. டக்டின் சுவர் மெல்லிய பிளாஸ்டிக். மேலே ஃபோம் சுற்றவில்லை என்றால் டிரைவரின் முகத்துக்குப் போக வேண்டிய குளிரில் ஒரு பங்கை டாஷ்போர்டே வாங்கிக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஈரக் காற்று அடிக்கும் ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. குளிர்ந்த டக்டின் வெளிப்பக்கம், ஐஸ் தண்ணி டம்ளர் போல வியர்க்கும். அந்தத் தண்ணீர் சொட்டுவது வயரிங் மேல்.

டிக்கியில் தொடங்கிய கதை

டாஷ்போர்டுக்குள் ஏசி எப்போதும் இருந்ததில்லை. 1940 மாடல் பேக்கார்ட் கார்தான் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்கப்பட்ட முதல் கார் என்பார்கள். அதில் கூலிங் காயில் பின் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. கம்ப்ரஸரை நிறுத்த வேண்டும் என்றால் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1954-ல் நாஷ் நிறுவனம்தான் ஹீட்டரையும் ஏசியையும் ஒன்றாக்கி வண்டியின் முன்பக்கமே அடக்கிக் காட்டியது. நம் ஊர் அம்பாசிடரில் பெரும்பாலும் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டியாகத் தொங்கியது ஏசி. அதுக்கு டக்டே கிடையாது. முட்டியில் இடிக்கும், ஆனால் நேரா முகத்துக்கு அடிக்கும். பழைய டிரைவர்கள் அந்த ஏசியை இன்னும் புகழ்வதில் ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது.

லாரியில் ஏன் சிக்கல் பெரிசு?

தொழிற்சாலையிலிருந்து முழு கேபினோடு வரும் லாரியில் டக்ட், டாஷ்போர்டு, புளோயர் எல்லாம் ஒரே கையில் டிசைன் ஆகி, ஒன்றுக்கொன்று பொருந்தித்தான் வரும். ஐஎஸ் 14618:2022 தரநிலைப்படி சோதனையும் உண்டு. ஆனால் இந்தியாவில் ஓடும் எல்லா லாரியும் அப்படி வருவதில்லை. சேசிஸ் மட்டும் வாங்கி, கேபினைப் பட்டறையில் கட்டிக்கொள்ளும் வழக்கம் இங்கே ஆழமாக வேரோடியது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் போனால் இந்தத் தொழிலின் வீச்சு தெரியும். ஸ்டியரிங், மீட்டர் எல்லாம் சேசிஸோடு வரும். அதைச் சுற்றிக் கேபினையும் டாஷ்போர்டையும் எழுப்புவது பட்டறை.

அந்தப் பட்டறைக்காரர்களின் கைத்திறனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிரைவருக்கு எது தேவை என்பது ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் எஞ்சினியரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். படுக்கைப் பலகை எவ்வளவு அகலம், சாமி படத்துக்கு எங்கே இடம் என்று பார்த்துப் பார்த்துச் செய்பவர்கள். ஆனால் காற்று மரவேலை மாதிரி கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் பொருள் அல்ல. இணைப்பில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டாலும் காற்று வென்டுக்குப் போகாமல் டாஷ்போர்டுக்குள்ளேயே கசிந்துவிடும். மேலே பலகையை மூடி ஸ்க்ரூ போட்ட பிறகு அது யாருக்கும் தெரியாது. “ஏசி வீக்கா இருக்கு” என்று கேஸ் நிரப்புவார்கள். மறுபடியும் வீக்காகவே இருக்கும். மறுபடியும் கேஸ்.

அதனால், சேசிஸ் விற்கும் நிறுவனம் கம்ப்ரஸர், காயில், புளோயர் என்று ஒரு கிட்டைக் கொடுத்தால் போதாது. அச்சில் வார்த்த டக்ட், இணைப்புக்கான ஃபோம், மாட்டும் கிளாம்ப், எந்த இடத்தில் எவ்வளவு வளைக்கலாம் என்ற வரைபடம், அதுவும் தமிழிலோ இந்தியிலோ, சேர்ந்தே வர வேண்டும். பட்டறையின் வேலை முடிந்து எஃப்சிக்குப் போகும்போது ‘ஏசி இருக்கா’ என்று மட்டும் பார்க்காமல், டிரைவர் சீட்டில் தலை வரும் உயரத்தில் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வெப்பமானிக்கு என்ன பெரிய செலவு?

‘கூரையில் ஒரு யூனிட்டை மாட்டிட்டா டக்டே தேவையில்லையே’ என்று சிலர் கேட்கலாம். பழைய லாரிகளுக்கு அது உதவும். புது விதி அவற்றுக்குப் பொருந்தாது என்பதால் அவர்களுக்கு வேறு வழியும் குறைவு. ஆனால் கூரை ஏசி உச்சந்தலையில் அடிக்கும். கீழே எஞ்சின் சூட்டில் கால் வேகும். முக்கியமாக, முன் கண்ணாடிக்கு அதனால் பயன் குறைவு. மழைக்காலத்தில் மலைப்பாதையில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தால், டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் துணியுமாகத் துடைப்பதைப் பார்த்திருக்கலாம். ஈரம் நீக்கிய காற்றைக் கண்ணாடியின் அடியிலிருந்து சீராக அடிக்க ஒரு தனி டக்ட் இருந்தால் அந்தத் துணிக்கே வேலை இல்லை. இது சொகுசு இல்லை, எதிரே வருகிறவரின் உயிர்.

டீசல் செலவுக்குப் பயந்து ‘ஏசி போடாதே’ என்று சொல்லும் முதலாளிகள் இருப்பார்கள். எஞ்சினை அணைத்துவிட்டுக் கேபினிலேயே தூங்கும் இரவுகளுக்கு இந்த ஏசியால் பிரயோஜனமும் இல்லை. அவை வேறு சண்டைகள். ஆனால் ஏசியைப் போட்டும் காத்து வராத கேபின், அந்த முதலாளிகளுக்கே சாதகம். “எப்படியும் குளிரல, எதுக்கு டீசலை எரிக்கிறே?” என்று கேட்டால் டிரைவரிடம் பதில் இருக்காது.

புது வண்டி டெலிவரி எடுப்பவர்கள் பட்டறையிலேயே சிலதைப் பார்த்துவிடலாம். புளோயரை முழுசாக வைத்து, ஒரு டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு வென்ட் முன்னாலும் பிடித்துப் பாருங்கள். டிரைவர் பக்க ஓர வென்டில், அதாவது கதவை ஒட்டிய வென்டில், பேப்பர் சோர்ந்து தொங்கினால் அந்தப் பக்க டக்ட் நசுங்கியோ கழன்றோ இருக்க வாய்ப்பு அதிகம். டாஷ்போர்டின் இடுக்குகளில் கையை வைத்துப் பாருங்கள். அங்கே ஜில்லென்று காத்து வந்தால் சந்தோஷப்படாதீர்கள். வென்டுக்குப் போக வேண்டியது அங்கே கசிகிறது. கால் மணி நேரம் ஏசி ஓடிய பிறகு வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுதா என்று குனிந்து பாருங்கள். ஈரக் காற்று உள்ள நாளில் கீழே சொட்டினால் நல்லது. கிளீனர் கால் வைக்கும் இடத்தில் சொட்டினால் டிரெயின் ஹோஸ் சரியாக மாட்டப்படவில்லை. டக்டைப் பார்க்க டாஷ்போர்டு பலகையைக் கழற்ற முடியுமா, இல்லை ரிவெட் அடித்து ஒரேயடியாக மூடிவிட்டார்களா என்பதையும், காசை முழுசாகக் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.