பூட்டிய அறையில் பைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

அக்டோபர் 11, சர்வதேசப் பெண் குழந்தைகள் தினத்தன்று எங்கள் ஒன்றியத்தில் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ‘தொழில்நுட்பத்தில் பெண்கள்’ என்று விழா எடுத்தார்கள். கணினி ஆய்வகத்தைத் திறந்து, உறைகளைக் கழற்றி, மாணவிகளை வரிசையாக உட்காரவைத்துப் படம் பிடித்தார்கள். படத்தில் எல்லோரும் திரையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். திரையில் ஒன்றுமில்லை, சுவிட்சே போடவில்லை. மறுநாள் பழையபடி பூட்டு. என் அக்கா மகள் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

நான் கோவையில் பதினான்கு ஆண்டுகளாக நிரல் எழுதிப் பிழைப்பவள். சனிக்கிழமைகளில் ஊருக்கு வரும்போது அக்கா வீட்டுத் திண்ணையில் என் மடிக்கணினியை வைத்து அந்தப் பள்ளிப் பெண்கள் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லித் தருகிறேன். முதல் நாள் ரெக்கார்டு நோட்டோடு வந்தார்கள். ஸ்கேல் வைத்து ஓரம் போட்டு, முத்து முத்தான கையெழுத்தில் பைதான் நிரல்கள். கணினி சொல்லவேண்டிய விடையையும் தோழியின் நோட்டைப் பார்த்துக் கையாலேயே எழுதியிருந்தார்கள்.

அதில் ஒன்றைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். ஒரு பெண் ‘இஃப்’ வரியின் முடிவில் முக்காற்புள்ளியை விட்டுவிட்டாள். பிழைச் செய்தி வந்ததும் சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டு, “கெடுத்துட்டனாங்க்கா?” என்றாள். புள்ளியைப் போட்டோம். அடுத்த வரியை உள்ளே தள்ளவில்லை என்று இன்னொரு பிழை. மூன்றாம் முறை ஓடியது. எங்கள் வேலையில் பாதி நாள் இப்படித்தான் போகிறது. அது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை; நோட்டுப் புத்தகம் பிழை காட்டுவதில்லையே!

பாடநூலைக் குறை சொல்லமாட்டேன். பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைதான், எஸ்க்யூஎல் என்று நன்றாகவே போகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலின் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் கூட இருக்கிறது. கடைசிப் பாடம் என்பதால் ஒரு மதிப்பெண் கேள்விக்கு மட்டும் படிக்கிறார்கள்.

ஆண்கள் பள்ளியில் ஆய்வகம் பூட்டியிருந்தால் ஆண் பிள்ளைகளுக்கும் நட்டம்தானே என்று கேட்கலாம். அவர்கள் மாலையில் பிரவுசிங் சென்டரிலோ நண்பன் வீட்டிலோ உட்காருகிறார்கள். எங்கள் பெண்களுக்கு 4.40 பேருந்தை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. வீட்டிலிருக்கும் ஒரே செல்பேசி அண்ணன் கையில். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருவது நின்றுவிட்டது. ஆக, பள்ளி ஆய்வகத்தை விட்டால் அவர்களுக்கு வேறு கணினி கிடையாது. 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது, நல்ல திட்டம். ஆனால் “கம்ப்யூட்டர் நமக்கு வராது” என்று முடிவுகட்டிவிட்ட பெண் கல்லூரியில் அந்தப் பாடத்தையா எடுப்பாள்?

ஆய்வகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று பள்ளியில் கேட்டேன். பெற்றோர் ஆசிரியர் கழகச் சம்பளத்தில் இருந்த கணினி ஆசிரியை ஜூலையில் போய்விட்டார். பொருள் ஏதாவது காணாமல் போனால் யார் பொறுப்பு என்றார்கள். சனிக்கிழமை நான் வந்து நடத்துகிறேன் என்றேன். எழுத்துபூர்வ அனுமதி வேண்டுமாம். அதைக் கேட்டுப் போன இடத்தில் ஓர் அதிகாரி, “நோட்டுல எழுதிப் பழகினா போதாதா? லாஜிக் புரிஞ்சா சரி” என்றார்.

1945இல் அமெரிக்காவில் எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பெண்களும் காகிதத்தில்தான் தொடங்கினார்கள். ராணுவ ரகசியம் என்று அறைக்குள் விடாமல் இணைப்பு வரைபடங்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஆனால், பிறகு கதவைத் திறந்துவிட்டார்கள். கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்துத்தான் அந்தப் பெண்கள் எந்திரத்தை வசப்படுத்தினார்கள். அவர்களில் ஒருவரான கே மெக்நல்டி, ஐரிஷ் மொழி மட்டுமே தெரிந்த குழந்தையாக அமெரிக்கா போய் இறங்கியவர். “இங்கிலீஷ் வராதவங்களுக்குக் கோடிங் வருமாங்க்கா?” என்று கேட்கும் தமிழ்வழி மாணவிகளுக்கு அவர் கதையைச் சொல்வேன். (1946 பிப்ரவரியில் எனியாக்கை உலகுக்குக் காட்டிய அன்றிரவு விருந்துக்கு அந்த ஆறு பேரையும் அழைக்கவில்லை. எங்கள் ஊரில் படத்துக்காவது கூப்பிட்டார்கள்.)

கல்வித் துறைக்கு என் கோரிக்கை பெரிதல்ல. நிரந்தரக் கணினி ஆசிரியர் வரும்வரை, பள்ளியில் ஏதாவது ஓர் ஆசிரியையிடம் சாவியைக் கொடுங்கள். வாரம் இரண்டு நாள், மாணவிகள் பேருந்தைத் தவறவிடாதபடி, கடைசிப் பாடவேளையில் ஆய்வகத்தைத் திறங்கள். சொல்லித்தர வருபவர்களை மனுவும் கையுமாக அலையவிடாதீர்கள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. இந்தக் கடிதத்தை எழுதும் இன்றுவரை சாவி தலைமையாசிரியர் அறை இழுப்பறையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவை மாவட்டம்.
(பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்கு மட்டும், அக்கா மகள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள்.)