விருந்தாளியின் தீர்ப்பு

ஒரு பெருநகரத்தை உள்ளபடி காண வேண்டுமானால் அதற்கு அயலான் ஒருவனின் கண் வேண்டும் என்றொரு கருத்து இலக்கியப் பேச்சுகளில் நெடுங்காலமாக உலவிவருகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்குப் பழக்கம் கண்ணை மறைக்கிறது. சில மாதங்கள் தங்கிச் செல்பவனுக்கோ எல்லாம் புதிது. ஆகவே அவன் சொல்வதே உண்மை என்பது இதன் சாரம். கேட்கும்போது பொன்னாகத் தோன்றுகிற இக்கருத்தைச் சற்று உரைத்துப் பார்த்தால் செம்பு தெரிந்துவிடும். உரைத்துப் பார்ப்பதற்குக் கல்கத்தாவைவிடத் தகுந்த கல் வேறில்லை.

ஜெர்மானிய நாவலாசிரியர் குந்தர் கிராஸ் 1986 ஆகஸ்டில் தம் மனைவியுடன் கல்கத்தாவில் வாழ வந்தார். 1987 ஜனவரியில் திரும்பிச் சென்றார். அந்த வாசத்தின் விளைவு, 1988இல் உரைநடையும் ஓவியங்களும் நெடுங்கவிதையுமாக வெளிவந்த 'நாக்கை நீட்டு'. கிராஸுக்குச் சேரவேண்டிய பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. முதலில் அவர் குடியிருந்தது நகரத்துக்கு வெளியே பாருய்ப்பூரில். நெரிசலான புறநகர் ரயில்களில் போய்வந்தார். நடைபாதைவாசிகளையும் குப்பை மேடுகளையும் கண்ணை மூடிக்கொள்ளாமல் வரைந்தார். காளியின் நீட்டிய நாக்கை வெட்கத்தின் அடையாளமாகக் கொண்டு அதையே நூலின் தலைப்பாக்கினார்.

ஆனால் அவர் அங்கே வந்தது அதுவே முதன்முறையன்று. 1975இலேயே கல்கத்தாவைப் பார்த்துச் சென்றிருக்கிறார். 1977இல் வெளிவந்த தம் நாவலொன்றில் அந்நகரத்தைக் கடவுள் கழித்துப்போட்ட மலம் என்ற பொருளில் வருணித்துமிருக்கிறார். ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் அங்கே வாழ வருகிறார். தீர்ப்பு முந்தியும் விசாரணை பிந்தியும் நடந்த வழக்கு இது. அருவருப்பு பின்னாளில் வெட்கமாக மாறியது என்பது உண்மைதான். ஆயினும் நகரம் அவருக்கு முன்னால் கிடந்த காட்சியாகவே இருந்தது. அதன் வரலாற்றுக்குள் நுழையும்போதும் அவர் திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஹிட்லரின் ஜெர்மனிக்குச் சென்ற சுபாஷ் சந்திர போஸிடம். தம் நாட்டுச் சன்னல் வழியாகத் தெரிகிற கல்கத்தாவையே அவர் கண்டார்.

அயலானின் கண் புதியது என்ற வாதம் இங்கே முதலாவதாக உடைகிறது. 1888இல் ருட்யார்ட் கிப்ளிங் கல்கத்தாவைச் சுற்றிப் பார்த்துப் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரைகளுக்குப் 'பயங்கர இரவின் நகரம்' என்று பெயர் சூட்டினார். அந்தத் தலைப்பு அவருடையதன்று. ஜேம்ஸ் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் 1874இல் வெளியிட்ட நெடுங்கவிதையின் தலைப்பு அது. தாம்சனின் அந்த இருண்ட நகரத்துக்குப் பின்னால் இருந்தது லண்டன். லண்டனின் இருளை எடுத்துக் கல்கத்தாவின் தலையில் கட்டிவிட்டார் கிப்ளிங். பிறகு 1955இல் லெவி ஸ்ட்ராஸ் வருகிறார். பிச்சைக்காரர்களும் அழுக்கும் அவர் பக்கங்களை நிறைக்கின்றன. 1985இல் தொமினிக் லாப்பியரின் நாவல் வருகிறது. ஆற்றின் மறுகரையில் உள்ள ஹவுராவின் சேரியொன்றுக்கு அவர் இட்ட 'ஆனந்த நகரம்' என்ற பெயரே இன்று கொல்கத்தாவுக்குப் பட்டப்பெயராக வழங்குகிறது. இந்த வரிசையில்தான் கிராஸ் வந்து நிற்கிறார். நூறாண்டுக் கால எழுத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்குபவனைப் புதிய கண் கொண்டவன் என்று எப்படி அழைப்பது?

உள்ளூர்க்காரனுக்குத் தெரியாது என்ற பாதியும் பொய்யே. 1943 பஞ்சத்தை விபூதிபூஷண் பந்த்யோபாத்யாய் நாவலாக்கினார். பிரிவினை அகதிகளின் வாழ்வை ரித்விக் கட்டக் 1960இல் 'மேகே டாக்கா தாரா'வில் காட்டினார். சத்யஜித் ராய் 1970இல் 'பிரதித்வந்தி'யையும், மிருணாள் சென் 1972இல் 'கல்கத்தா 71'ஐயும் எடுத்தனர். பழக்கம் இவர்களுடைய கண்ணை மறைத்துவிடவில்லை. பார்த்ததோடு காரணத்தையும் இவர்கள் கேட்டார்கள். பஞ்சம் கிராமங்களைத் தெருவுக்குத் துரத்தியது. 1947இலும் 1971இலும் அகதிகள் அலை அலையாக வந்தனர். 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை நீடித்த சரக்குக் கட்டணச் சமன்படுத்தல் கொள்கை, நிலக்கரியும் இரும்பும் அருகிலிருந்த கிழக்கிந்தியத் தொழில்களின் அனுகூலத்தைப் பறித்தது. இவற்றில் எதுவும் நடைபாதையில் நின்று பார்த்தால் தெரியாது. கண்ணுக்குக் காட்சி அகப்படும், காரணம் அகப்படாது. காரணமற்ற வறுமை அந்த நகரத்தின் இயல்பாகவே எழுதப்பட்டுவிடுகிறது. இதுதான் இத்தகைய எழுத்தின் தீங்கு.

அப்படியானால் அயலான் எழுதவே கூடாதா என்று கேட்கலாம். எழுதலாம், எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானிய அரசின் உதவித்தொகையில் ஆங்கிலம் படிக்க 1900இல் லண்டனுக்குச் சென்ற நத்சுமே சோசெகி இரண்டாண்டுகள் அங்கிருந்தார். பணம் போதவில்லை. விடுதி மாற்றி விடுதி மாறினார். விக்டோரியா மகாராணியின் இறுதி ஊர்வலத்தைக் கூட்டத்துக்கு மேலாகக் காண, குள்ளமான அவரை வீட்டுக்காரர் தோளில் தூக்க வேண்டியிருந்தது. எதிரே விகாரமான குள்ளன் ஒருவன் வருகிறான் என்று நினைத்து, அது கண்ணாடியில் தெரிந்த தம் பிம்பமே என்று கண்டுகொண்டதை அவரே எழுதியிருக்கிறார். தம் வாழ்வின் மிகவும் கசப்பான ஆண்டுகள் அவை என்றும் பின்னர் குறிப்பிட்டார்.

இவ்வளவு கசப்புக்கும் சோசெகி லண்டனின் ஆன்மா இன்னதென்று தீர்ப்பெழுதவில்லை. அந்நகரத்தில் ஓர் அயலான் என்னவாகிறான் என்று எழுதினார். ஆங்கில இலக்கியத்தை ஆங்கிலேயன் மதிப்பிடுவதுபோலத்தான் நானும் மதிப்பிட வேண்டுமா என்ற கேள்வி அந்த அறைகளில்தான் அவருக்குள் முற்றியது. 1907இல் வெளியான அவருடைய 'இலக்கியக் கோட்பாடு' அதிலிருந்து விளைந்தது. அந்நிய வாசம் ஓர் எழுத்தாளனுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய கொடை, தன்னையே அயலானாகக் காணும் வாய்ப்பு. கிராஸின் வெட்கத்திலும் அதன் தொடக்கம் இருந்தது. ஆனால் அவர் அதைத் தொடர்ந்து செல்லவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் வழக்கு. மூன்று நாளையும் தாண்டி மூன்று மாதமோ மூன்று ஆண்டோ தங்குகிறவன், எத்தனை நாள் இருந்தேன், எந்த மொழியில் பேசினேன், யார் கொடுத்த பணத்தில் உண்டேன் என்பதை முதலில் சொல்லட்டும். பிறகு கண்டதைக் கண்டதாகவே சொல்லட்டும். அதை ஆவலோடு வாசிப்போம். நகரத்தைப் பற்றிய தீர்ப்பை மட்டும் அங்கே வாடகை கொடுத்து, வரிசையில் நின்று, பிள்ளைகளை வளர்த்து, இறந்தும் போகிறவர்களுக்கு விட்டுவிடட்டும்.