மட்டிக்கு வாடகை

வேறு ஊரில் ஒருத்தரை 'மட்டி' என்றால் சண்டைக்கு வருவார். எங்கள் கன்னியாகுமரி ஜில்லாவில் வாயைத் திறப்பார்! சின்னப் பழம், மெல்லிய தோல், தேன் மணம். பல் முளைக்காத பிள்ளைக்கும் பல் கொட்டின பாட்டாவுக்கும் மட்டிப்பழம்தான். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று.

குறியீடு சரி, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? நகையை பேங்க் லாக்கரில் வைத்தால் நாம் வாடகை கட்டுகிறோம். பழைய ரகங்களைத் தன் விளையில் காவல் காக்கிற விவசாயியோ வாடகையையும் தானே கட்டுகிறார். ஏத்தன் வைத்திருந்தால் கிடைத்திருக்கும் லாபம் இருக்கிறதே, அதுதான் அந்த வாடகை. (பி.காம். படித்ததற்கு இதுவாவது!)

காவல் எதற்கு என்கிறீர்களா? க்ரோ மிஷெல் என்ற ஒரே வாழையை நம்பி ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடுகளில், பனாமா வாடல் நோய் 1950-களுக்குள் தோட்டம் தோட்டமாகக் காலி செய்தது. பதிலுக்கு வந்த கேவண்டிஷையும் அதே நோயின் புது அவதாரம் இப்போது பிடித்து ஆட்டுகிறது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2001-ன் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி, பழைய ரகங்களைக் காக்கும் சமூகத்துக்கு 10 லட்சம், தனி விவசாயிக்கு 1.5 லட்சம் என்று விருதுகள் உண்டு. சந்தோஷம். ஆனால் அகில இந்தியாவுக்கும் சேர்த்து வருஷத்துக்குச் சில டஜன் பேர்! மற்றவர்கள் கைதட்டலாம்.

பெருவிலும் பொலிவியாவிலும் 2010 வாக்கில் கினோவா தானியத்துக்கு டெண்டரே விட்டார்கள். "அழிகிற ரகத்தை இவ்வளவு நிலத்தில் போடுகிறோம், எங்களுக்கு இது வேண்டும்" என்று ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கருவிகள், கட்டடச் சாமான்கள் என்று பொருளாகவே வாங்கிக்கொண்டார்கள்.

மண்டைக்காட்டில் விளை வைத்திருக்கும் பாட்டா ஒருவரிடம் இதைச் சொன்னேன். நடுவில் முழுக்க ஏத்தன். ஓரமாகத்தான் மட்டி, பேயன், செந்துளுவன்.

"டெண்டரா? ரோடு போட விடுவாவளே, அதா? வாழையும் ஒரு மழைக்குத் தாங்காது மக்கா!"

"சிரிக்காதீங்க பாட்டா. உங்களுக்கு என்ன வேணும்?"

பாட்டா சிரிப்பை நிறுத்தினார். "மகன் இதையும் வெட்டிட்டு ஏத்தன் வைக்கச் சொல்லுகான். ஏத்தன் குலை திங்கள்சந்தைக்குப் போனா உடனே சக்கரம். மட்டி ரெண்டு நாள்ல கறுத்துரும். நான் கண்ணடைச்சா மறுநாளே வெட்டிருவான்..." கொஞ்சம் யோசித்தார். "மோட்டாரைச் சரியாக்கித் தரச் சொல்லு. பத்து மூடு கூடுதலா வைக்கேன். ஆனா அவன் பேருல எழுது. எனக்கு எம்பத்திரண்டு ஆச்சு."