பழசானாலும் தடை தடைதான்

உலகப்போர்க் காலத்துத் தானியங்கித் துப்பாக்கி ஒன்றை விலைக்கு வாங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிப்பொருளாக வைத்துக்கொள்ளலாமா? அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம்மூர் இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது. பழைய இயந்திரங்களின் மேல் ஆசை வருவதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இந்தியாவில் தனி ஆள் ஒருவர் அப்படியொரு துப்பாக்கியைக் காட்சிக்காக வாங்க வழியில்லை. இதைச் சுற்றி அரைகுறைத் தகவல்கள் நிறைய உலவுகின்றன, அவற்றை நம்பிச் சிறைக்குப் போகிற ஆபத்தும் உண்டு. அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் வயதைக் கேட்பதில்லை, அது சுடும் விதத்தைத்தான் பார்க்கிறது. விசையை அழுத்திப் பிடித்தால், விரலை எடுக்கும் வரையிலோ தோட்டா தீரும் வரையிலோ தொடர்ந்து சுடும்படி அமைந்தது எதுவானாலும் அது தடை செய்யப்பட்ட ஆயுதம். மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் அதை வாங்கவோ வைத்திருக்கவோ விற்கவோ கூடாது என்கிறது 7ஆம் பிரிவு. கலெக்டர் அலுவலகத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் லைசென்ஸ் இதற்குச் செல்லாது. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இப்படி ஓர் ஆயுதத்தை வைத்திருந்தாலே குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. விற்றவருக்கு 10 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகும்.

தானியங்கி மட்டும்தான் தடை என்று நினைப்பதும் தவறு. காவல் நிலைய வாசலில் பாரா நின்ற போலீஸ்காரரின் கையில் பாயிண்ட் 303 ரைபிளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி அது. தானே குண்டேற்றிக்கொள்ளும் 7.62 அளவு எஸ்.எல்.ஆர் ரைபிளில் அந்த வேலை இல்லை. ஆனாலும் ராணுவத்தில் பரவலாக இருந்த வகையில் அது ஓர் அழுத்தலுக்கு ஒரு குண்டுதான் சுடும். இரண்டுமே சட்டத்தின் அர்த்தத்தில் தானியங்கி ஆகா. இருந்தும் 303, 7.62 ஆகிய குழல் அளவுகள் தடைப் பட்டியலில் இருப்பதால் பொதுமக்கள் கைக்கு அவை வராது. பொதுமக்களுக்கென்று நம் அரசுத் தொழிற்சாலைகள் பாயிண்ட் 315 அளவில் தனியாக ரைபிள் செய்வது அதனால்தான்.

அதிகம் பேர் ஏமாறும் இடம் 45ஆம் பிரிவு. பழமையான, வழக்கொழிந்த, கெட்டுப்போன ஆயுதத்துக்குச் சட்டம் பொருந்தாது என்று அங்கே இருக்கிறது என்பார்கள், இருப்பதும் உண்மைதான். ஆனால் அந்த வரி அதோடு முடியவில்லை. பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, துப்பாக்கியாகப் பயன்படவே முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு என்று தொடர்கிறது. துருப்பிடித்து விசை இறுகிப்போன துப்பாக்கியை ஒரு பட்டறைக்காரர் ஒரு நாளில் சரிசெய்துவிட முடியுமென்றால், சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே. “செத்த துப்பாக்கி சார், ஒன்றும் ஆகாது” என்று விற்பவர் சொல்லும் உத்தரவாதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. செத்ததாகச் சொன்ன துப்பாக்கி உயிர்பெற்றதற்கு உதாரணமும் உண்டு: 2015 ஜனவரியில் பாரிஸ் நகரத் தாக்குதலில் பயன்பட்ட துப்பாக்கிகளில் சில, வெற்று வெடி மட்டும் வெடிக்கும்படி மாற்றி ஸ்லோவாக்கியாவில் கடையில் விற்கப்பட்டவை. அவை பிறகு மறுபடியும் சுடும்படி திருத்தப்பட்டுவிட்டன. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் துப்பாக்கிகளைச் செயலிழக்கச் செய்யும் முறைக்குக் கடுமையான புது விதி கொண்டுவந்தது.

சரி, சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில் எப்படி மதிப்பிடுகிறார்கள்? அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி தானியங்கி ஒவ்வொன்றும் அரசிடம் பதிவாக வேண்டும், கைமாறும்போது 200 டாலர் வரி கட்ட வேண்டும். 1986 மே மாதத்தோடு தனியாருக்கான புதுப் பதிவு நின்றுவிட்டது. அதற்குமுன் பதிவானவைதான் இன்றுவரை கைமாறிக்கொண்டிருக்கின்றன, அதனால் ஓர் எம்-16 ரைபிள் 30,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அதே இரும்பு, அதே தொழிற்சாலை, ஆனால் பதிவு இல்லையென்றால் அது குற்றத்தின் சான்றுப்பொருள். அனுபவமுள்ள சேகரிப்பாளர் முதலில் கேட்பது காகிதத்தை. எண்ணும் முத்திரையும் அதற்குப் பிறகு. மேல்பூச்சைக் கடைசியில்தான் பார்ப்பார். புதிதாகப் பூச்சு ஏற்றிப் பளபளவென்று இருந்தால் விலை குறையும். அறுத்து மறுபடி பற்றவைத்த தடம் தெரிந்தால் பலர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

முத்திரையைப் படிக்கும் அந்தக் கலையை இங்கிருந்தே பழகலாம், ஏனென்றால் அதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 303 ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். மரக்கட்டை தொடங்கும் இடத்தில், வலப்பக்க இரும்புப் பட்டையில் ஒரு கிரீடம், கீழே மன்னர் பெயரின் முதலெழுத்துகள், தொழிற்சாலையின் பெயர், செய்த ஆண்டு, வகை. சுதந்திரத்துக்குப் பிறகு செய்தவற்றில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்துவிட்டது. வரிசை எண் குழலிலும் இருக்கும், இழுதண்டிலும் இருக்கும், முனை மூடியிலும் இருக்கும். எல்லாம் ஒன்றாக இருந்தால் துப்பாக்கி பிறந்தபடியே இருக்கிறது. வேறுபட்டால் எங்கோ ஒரு ராணுவப் பட்டறையில் உறுப்பு மாறியிருக்கிறது. ஓர் ஆயுதத்தின் வாழ்க்கை வரலாறே ஒரு விரலகல இரும்பில் எழுதியிருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. இதைத் தெரிந்துகொள்ளத் துப்பாக்கியை வாங்க வேண்டியதில்லை. பழைய படைக்கலங்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன, செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் இருக்கிறது.

தானியங்கியை விடுங்கள், தென்காசி மாவட்டத்து வீரகேரளம்புதூர் போன்ற ஊர்களில் நிஜமாகவே எழக்கூடிய பிரச்சினை வேறு. சிற்றாற்றங்கரையில் ஊற்றுமலை ஜமீனின் தலைநகராக இருந்த ஊர் வீரகேரளம்புதூர். பாளையக்காரர் போரில் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த பிறகு, 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை இந்தச் சீமை முழுவதும் ஆயுதங்களைக் களையச் சொன்னது. பிறகு லைசென்ஸ் காலம் வந்தது. வேட்டைக்கு இரட்டைக்குழல், பன்றி விரட்ட ஒற்றைக்குழல் என்று பரணில் தங்கியவை அந்த லைசென்ஸ் காலத்துச் சரக்கு. தாத்தா பெயரில் லைசென்ஸ், தாத்தா காலமாகிவிட்டார், துப்பாக்கி வீட்டில் இருக்கிறது என்ற நிலைதான் ஆபத்தானது.

அப்படி இருந்தால் பயந்து கிணற்றில் போடவும் வேண்டாம், யாருக்கோ விற்கவும் வேண்டாம். லைசென்ஸ் இருந்தவர் இறந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு வாரிசு லைசென்ஸுக்கு மனு கொடுக்கலாம். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது நிறைந்திருந்தாலோ 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றிக்கொடுக்க 2016ஆம் ஆண்டு விதிகள் வழிசெய்கின்றன. ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது என்பது 2019 திருத்தம். வாரிசாக வந்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது, முன்பு இது மூன்றாக இருந்தது.

லைசென்ஸ் எதுவுமே கிடைக்கவில்லை, பரணில் இருப்பது என்ன வகை என்றும் புரியவில்லை என்றால், அதைத் தொட்டுத் துடைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி விலை கேட்காதீர்கள். உள்ளே பழைய வெடிமருந்தோ தோட்டாவோ இருக்கக்கூடும். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு எழுத்துமூலமாகக் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள், கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.